லிங்கன் நுழைந்த வாசல்

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாக இருந்தது நான்கு ஆண்டுகளும் சில வாரங்களும்தான். வக்கீலாக இருந்ததோ கிட்டத்தட்ட 25 ஆண்டுகள். 1834-இல், 25 வயதில், இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர் தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார். முதல் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பு இல்லாமல் தெரிந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கினார்.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் அவருக்கு ஒரு வருடம் தேறாது. ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீலிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கித் தானே படித்தார். நல்லொழுக்கமுள்ளவர் என்று நீதிமன்றம் சான்று கொடுத்தது. 1836 செப்டம்பரில் வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது கைக்கு வந்துவிட்டது. இன்று அதே இல்லினாயில் பெரும்பாலும் முதலில் பட்டப்படிப்பு, அதன்மேல் மூன்று வருடச் சட்டக் கல்லூரி, பிறகு பார் தேர்வு. முடித்து வெளியே வரும்போது பலர் தலையில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன்.

அன்றைய தொழிலும் வேறு மாதிரி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதியும் வக்கீல்களும் கூட்டமாகக் கிளம்பி ஊர் ஊராகப் போவார்கள். குதிரையிலும் வண்டியிலுமாகச் சகதியில் பயணம். வீடு திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு வக்கீல்கள் படுத்துக்கொள்வார்கள். நீதிபதி டேவிட் டேவிஸ் சுமார் 300 பவுண்டு எடை. அவருக்கு மட்டும் தனிக் கட்டில். பகலில் எதிரெதிராக வாதாடியவர்கள் இரவில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பெரும்பாலான வழக்குகளுக்கு ஐந்து, பத்து டாலர்தான் ஃபீஸ். முக்கியமான கடிதங்களையும் காகிதங்களையும் லிங்கன் தன் உயரத் தொப்பிக்குள் செருகி வைத்திருப்பார். இப்போதோ, 2018 முதல் இல்லினாயில் சிவில் வழக்கு மனுக்களை இணையவழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். பல விசாரணைகளுக்கு வீட்டிலிருந்தே திரையில் ஆஜராகலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் காலம்தான் பொற்காலம் என்று பெருமூச்சு விட எனக்கு மனம் வரவில்லை. வக்கீல் தொழிலின் வாசல் லிங்கனுக்கு எளிதாகத் திறந்ததற்கு அவர் வெள்ளைக்கார ஆண் என்பதும் காரணம். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லவே அன்றைய இல்லினாய் சட்டம் அனுமதிக்கவில்லை. 1853-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வெளியிலிருந்து கறுப்பர்கள் வந்து குடியேறவும் தடை போட்டார்கள். லிங்கனின் கையும் முழுச் சுத்தமல்ல. அடிமை முறை அநீதி என்று 1837-இல் சட்டமன்றத்தில் கையெழுத்திட்டவர், 1847-இல் ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் மீண்டும் அடிமையாக இழுத்துப் போக வந்த மேட்சன் என்பவரின் வக்கீலாக நின்றார். தோற்றார், அந்தக் குடும்பம் விடுதலை பெற்றது. அவர் தோற்றதில் மனம் நிறைகிற வழக்கு எனக்கு இது ஒன்றுதான்.

இல்லினாயில் முதல் கறுப்பின வக்கீலாக லாயிட் வீலர் சன்னது பெற்றது 1869-இல், லிங்கன் இறந்து நான்கு வருடம் கழித்து. அதே வருடம் தேர்வில் தேறிய மைரா பிராட்வெல்லுக்குப் பெண் என்பதற்காகச் சன்னது மறுத்தார்கள். 1873-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அவருக்கு அது கிடைத்தது 1890-இல். 1997-இல் பராக் ஒபாமா என்ற வக்கீல் இல்லினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் மாநில செனட்டராகப் பதவியேற்றார். பத்து வருடம் கழித்து, லிங்கன் வாதாடிய பழைய சட்டமன்றக் கட்டடத்தின் முன் நின்றுதான் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார்.

நிறமும் பாலினமும் போட்ட பூட்டு கழன்றுவிட்டது. ஆனால் காசில்லாத வீட்டுப் பிள்ளை சட்டம் படிப்பது அன்றைவிட இன்று கஷ்டம். கலிஃபோர்னியா, வர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் சட்டக் கல்லூரிக்குப் போகாமல் ஒரு வக்கீலிடமோ நீதிபதியிடமோ பயின்று தேர்வெழுத இன்றும் வழிவிட்டிருக்கின்றன. லிங்கனின் இல்லினாய் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்க வேண்டும்.