கடைக்கால் தோண்டும் முன்

வீடு கட்டப் புகுவோர் செங்கல்லைப் பற்றிப் பேசுகின்றனர். சிமென்டைப் பற்றிப் பேசுகின்றனர். சதுர அடிக்கு என்ன செலவாகும் என்று நாலு பேரிடம் விசாரிக்கின்றனர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முற்பட்டதாய், மிகக் குறைந்த செலவில் முடிவதாய், முடிந்த பின் மாற்றுதற்கு அரியதாய் ஒன்று உண்டு. அது வீட்டின் தரைப்படம். எந்த அறை எங்கே, எந்த வாயில் எப்பக்கம் என்று காட்டும் அந்த ஒரு தாளைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தாளில் ஒரு சுவரை நகர்த்துவதற்கு ஒரு ரப்பர் போதும். அதே சுவர் எழுந்து நின்ற பின் நகர்த்துவதானால் கொத்தனாரும் சிற்றாளும் கூலியும் வேண்டும். மனக்கசப்பும் உடன் வரும். ஆகவே, மாற்றங்கள் எல்லாம் தாளிலேயே நடந்து முடிய வேண்டும்.

நான் கட்டடக் கலை பயின்றவன் அல்லேன்; ஆசிரியப் பயிற்சி பெற்றவன். பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தபோது ஒரு நெறியை வற்புறுத்துவார்கள். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் எழுதினால் போதாது. அந்த நேரத்தில் மாணவன் என்ன செய்கிறான் என்பதையும் எதிரே எழுத வேண்டும். வீட்டின் படத்துக்கும் இந்நெறி பொருந்தும். அறைகளின் பெயரை எழுதினால் போதாது. அங்கு வாழ்பவர் என்ன செய்கிறார், எவ்வழியே நடக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தர், கடற்கரையை அடுத்த ஊரில் மனை வாங்கியிருந்தார். தெருவோரம் 30 அடி, உட்புறம் 40 அடி. அதாவது அரை கிரவுண்டு. கிழக்குப் பார்த்த மனை. இருபதாண்டுகளில் அடைக்க வேண்டிய கடன். வீட்டில் அவரும் மனைவியும், முழங்கால் வலியால் வருந்தும் தாயாரும், பள்ளியிற் படிக்கும் இரு பிள்ளைகளும். படம் ஒன்றை வரைந்துகொண்டு வந்து, "ஐயா, இரண்டு படுக்கையறை, பெரிய ஹால், சமையலறை எல்லாம் வந்துவிட்டன, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். எல்லாம் வந்திருந்தது உண்மையே. அந்தப் படத்தை நாங்கள் இருவரும் திருத்திய முறையைச் சொன்னால் பொதுவான நெறிகளும் விளங்கும்.

முதலில் அளவு. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை ஓர் அடியாகக் கொண்டு வரைய வேண்டும். நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விதிப்படி கழித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. தமது மனைக்கு எவ்வளவு என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்துகொண்டே வந்திருந்தார். எஞ்சியது 24 அடிக்கு 31 அடி. 744 சதுர அடி. இங்கே பலர் மறந்துவிடுவது சுவரின் கனம். வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளே கிடைப்பது இருபத்திரண்டரை அடிக்கு இருபத்தொன்பதரை அடிதான். வெளிச்சுவர் மட்டுமே 80 சதுர அடியை விழுங்கிவிடுகிறது. எட்டுக்குப் பத்தில் ஓர் அறை அது. ஒற்றைக் கோட்டால் சுவரைக் குறிப்பவர் இல்லாத அறையை இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்.

அடுத்து, கட்டில், பீரோ, மேசை ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி, படத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். மாணவர் வரைந்த ஹாலுக்கு ஐந்து கதவுகள் இருந்தன. ஒவ்வொரு கதவும் திறந்து மடியும் இடத்தை வளைகோட்டால் குறித்ததும், ஒரு நீண்ட பலகையைச் சுவரோரம் போடவும் இடமில்லை என்பது வெளிப்பட்டது. பார்வைக்குப் பெரிய அறை. பயனில் அது ஒரு நாற்சந்தி. நம் பழைய வீடுகளில் திண்ணையிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழைவதில்லை. நடுவே இடைகழி இருக்கும். தஞ்சைப் பக்கத்தில் ரேழி என்பார்கள். அது வீணான இடம் என்று இக்காலத்தார் நீக்கிவிட்டனர். உண்மையில், நடப்பவர் நடக்கவும் இருப்பவர் அமைதியாய் இருக்கவும் வழி செய்தது அதுவே. ஏறக்குறைய நான்கடி அகலத்தில் ஓர் இடைகழியை முன்பக்கத்தில் அமைத்து, இரண்டு கதவுகளை அதற்குள் திருப்பினோம். கூடம் அளவில் சிறுத்தது. ஆனால் இரண்டு முழுச் சுவர்கள் கிடைத்தன.

இனி, படத்தைச் சோதிக்கும் முறை. வெவ்வேறு நிறப் பென்சில்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் விழித்தது முதல் உறங்கும் வரை நடக்கும் வழியைக் கோடிட வேண்டும். பெர்லினில் பணியாற்றிய அலெக்சாண்டர் கிளைன் என்னும் கட்டடக் கலைஞர் 1928-இல் இவ்வாறு நடைவழிக் கோடுகளை வரைந்து, இரு வீட்டுப் படங்களை ஒப்பிட்டுக் காட்டினார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்குப்பட்டால் அந்த வீட்டில் நாள்தோறும் இடையூறு. தனித்தனியே சீராக ஓடினால் வாழ்வு எளிது.

நாங்கள் முதலில் வரைந்த கோடு தாயாருடையது. அதுவும் இரவு இரண்டு மணிக்கு உரியது. முதற்படத்தில் அவர் அறை வீட்டின் முன்புறம். கழிவறையோ சமையலறைக்கும் பின்னால். இருளில் ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து, இரண்டு நிலைப்படிகளைத் தாண்டி 34 அடி நடக்க வேண்டும். கோடு முடியும் முன்பே மாணவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். முதியோர் பலர் இரவில் தண்ணீர் குடிக்கவும் தயங்குவது எதனால் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுந்து போக அஞ்சியே குடிப்பதில்லை. ஒரு பெரிய மருத்துவச் செலவும் பல மாதப் படுக்கையும் அந்த 34 அடியில் ஒளிந்திருக்கக் கூடும். தாயாரின் அறையை ஒட்டியே குளியலறையை அமைத்தபோது தொலைவு 7 அடியாயிற்று. கதவு 3 அடி அகலம். பின்னாளில் சக்கர நாற்காலி வேண்டியிருந்தாலும் நுழையும். அது வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின்மேல் சாய்ந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை எவராலும் தள்ள இயலாது. சுவரில் ஒரு கைப்பிடி; வாயிலில் படி இல்லை. இவற்றுக்குத் தனிச் செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. முன்கூட்டி எண்ணுவதே செலவு.

இரண்டாவது கோடு இல்லத்தரசியுடையது. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் எளியோர்க்கான குடியிருப்புகள் கட்டப்பட்டபோது, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், ரயிலின் உணவுப் பெட்டியில் உள்ள சிறிய சமையலறையைக் கருத்திற்கொண்டு, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள சமையலறை ஒன்றை வகுத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. கழுவும் இடம், நறுக்கும் இடம், அடுப்பு, பண்டம் வைக்கும் இடம் ஆகியவை வேலை நடக்கும் வரிசையிலே அமைய வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. நம் படத்தில் தண்ணீர்த் தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே 12 அடி இருந்தது. ஒரு நாளில் நாற்பது தடவை அந்த வழியே நடப்பதாகக் கொள்வோம். தொலைவை 5 அடியாகக் குறைத்தால், நாளொன்றுக்கு மிஞ்சுவது 280 அடி. ஓராண்டுக்கு 31 கிலோமீட்டர். போனதற்குத் திரும்பி வருவதையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் தொலைவினும் இது மிகுதி. ஓர் அம்மையார் ஆண்டுதோறும் தம் சமையலறைக்குள்ளேயே வீணாக நடந்திருக்கக் கூடிய தொலைவு அது.

சமையலறை தென்கிழக்கில் அமைய வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். மனையடி சாஸ்திரத்தைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுபடாத வரையில் பெரியோர் விருப்பத்தை ஏற்பதில் குறையில்லை. வீட்டின் அமைதியும் வரைபடத்தின் ஒரு பகுதியே. ஆனால் அதற்காக ஒரு சன்னலை இழக்க நேர்ந்தால் சன்னலின் பக்கமே நான் பேசுவேன். இங்கே முரண்பாடு எழவில்லை. தென்கிழக்குச் சமையலறைக்குக் காலை வெளிச்சம் கிடைத்தது. காய்கறிக்காரரின் குரலும் கேட்டது. வடகிழக்கில் தாயாரின் அறை, நடுவே இடைகழி.

மூன்றாவது கோடு பிள்ளைகளுடையது. இதைச் சற்று அழுத்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. வீட்டுப்பாடம் முடிக்காத மாணவர்களின் வீடுகளுக்கு நான் சென்று பார்த்திருக்கிறேன். சோம்பல் காரணமானவர் சிலர். புத்தகத்தை விரித்து வைக்க ஓர் இடம் இல்லாதவர் பலர். கட்டிலின் ஓரத்திலும், மாடிப்படியின் கீழும், தொலைக்காட்சிக்கு எதிரேயும் அமர்ந்து அவர்கள் படித்தனர். பிள்ளைக்குத் தனியறை எல்லாராலும் தர இயலாது. மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு மேசையும், வலக்கையால் எழுதுபவனுக்கு இடப்புறமிருந்து வெளிச்சம் வரும் ஒரு சன்னலும் தர எல்லாராலும் இயலும். கூடத்தின் பின்மூலையில், தொலைக்காட்சி கண்ணிற் படாத இடத்தில், ஒரு சிறு பொந்து போல அந்த இடத்தை ஒதுக்கினோம்.

பிறகு வெயிலும் காற்றும். நம் நாட்டில் சுவரை மிகவும் சுடுவது பிற்பகலில் தாழ்ந்து வரும் மேற்கு வெயில். சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அதைத் தடுக்காது. ஆதலால் மேற்கே இயன்ற அளவு படிக்கட்டு, சாமான் அறை போன்றவற்றை வைத்தால் அவை கேடயமாக நின்று வெப்பத்தைத் தாங்கும். சென்னை போன்ற இடத்தில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது; எனவே வடக்குச் சன்னலுக்கும் நிழல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் சன்னல் முதலான திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குக் கடலோரத்தில் 20 சதுர அடி. அதையும் ஒரே சுவரில் வைத்துவிட்டால் காற்று உள்ளே வரும், வெளியே போகாது. எதிர்ச்சுவரிலோ அடுத்த சுவரிலோ ஒரு திறப்பு வேண்டும்.

மாடிப்படியில் ஏமாறாதவர் அரியர். முதற்படத்தில் அதற்கு 8 அடி நீளம் ஒதுக்கப்பட்டிருந்தது. கணக்கிடுவோம். தளத்துக்குத் தளம் 10 அடி. ஒரு படியின் உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றங்கள். கால் வைக்க 19 படிகள். ஒவ்வொன்றும் 10 அங்குல அகலம் என்றால் மொத்தம் 190 அங்குலம்; ஏறக்குறைய 16 அடி. எட்டடியில் ஏறுவது படிக்கட்டு அன்று, ஏணி. ஆகவே நடுவில் திரும்பும் படியாக அதைத் தென்மேற்கில் வைத்தோம். வெளியிலிருந்தும் ஏறக்கூடிய வகையில் அமைத்ததால், பின்னாளில் மாடியைத் தனிக் குடித்தனமாக வாடகைக்கு விடவும் இயலும். மாடி எழுப்பும் எண்ணம் இருப்பின் அதைக் கடைக்கால் தோண்டும் முன்பே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். பாரம் தாங்குவது கீழே மறைந்திருக்கும் பகுதி. பின்பு அதைப் பருமனாக்குவது பெருந்தொல்லை. மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே அமையுமானால் குழாய்களும் குறையும்; கசிவும் படுக்கையின்மேல் சொட்டாது. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக்கும் குழியின் இடத்தைப் படத்திலேயே குறித்துவிட வேண்டும்.

எல்லாம் திருந்திய பின் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடிட்டு, குடும்பத்தாரை உள்ளே நடக்கச் சொல்ல வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: வெட்ட வெளியில் இட்ட கோடு எப்போதும் சிறிதாகத் தோன்றும். "அறை இவ்வளவுதானா?" என்று எல்லாரும் திகைப்பார்கள். அதைக் கேட்டு அறையை நீட்டிவிடக் கூடாது. இப்போது குடியிருக்கும் வீட்டின் அறையை நாடாவால் அளந்து ஒப்பிட்டால் ஐயம் நீங்கும். கோடுகளுக்குள் பார்க்க வேண்டியது பரப்பை அன்று, வழியை.

அந்த மனையிலும் அவ்வாறே செய்தோம். எல்லாரும் தத்தம் அறையில் நின்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தனர். தாயார் மட்டும் வாய் திறக்கவில்லை. அவரைக் கேட்டபோது, "படுத்தபடியே தெருவைப் பார்க்க முடியுமா?" என்றார். சன்னலின் அடிமட்டத்தை ஓரடி தாழ்த்துவதாகப் படத்தில் குறித்துக்கொண்டோம். அறைக்கோ செலவுக்கோ அதனால் ஒரு மாறுதலும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்காதிருந்தால், எஞ்சிய ஆண்டுகளில் அவர் வெறுஞ் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஆகவே, வீடு கட்ட எண்ணும் நேயர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுவே. அறைகளை எண்ணாதீர்கள், அடிகளை எண்ணுங்கள். படத்தில் படுக்கையறை, ஹால் என்ற பெயர்களை அழித்துவிட்டு, அங்கு வாழப் போகிறவரின் பெயரை எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவர் கையில் முதலில் கொடுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தைச் செய்து முடித்த பின் கொத்தனாரை அழையுங்கள்.