சாயக்குண்டுத் துப்பாக்கியும் வாயுச் சிக்கனமும்

காட்டில் வெட்டவேண்டிய மரங்களைத் தொலைவிலிருந்தே அடையாளமிடுவதற்கு அமெரிக்காவில் கையாளப்பட்ட சாதனம் சாயக்குண்டுத் துப்பாக்கியாகும். நெல்சன் வண்ணக் கம்பெனிக்காக டெய்சி கம்பெனி செய்தளித்த ‘நெல்ஸ்பாட் 007’ என்னும் கைத்துப்பாக்கியை, 1970களில் வனப் பணியாளரும் கால்நடை வளர்ப்போரும் பயன்படுத்தினர். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்னும் ஊரில் 12 பேர் இதனைக் கொண்டு ஆடிய ஆட்டமே பின்னர் உலகெங்கும் பரவிய விளையாட்டாயிற்று. காடாயினும் ஆடுகளமாயினும், உடன் கொண்டுசென்ற வாயு தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். ஒரே அளவு வாயுவைக் கொண்டு ஒரு துப்பாக்கி மற்றொன்றைவிட மிகுதியான குண்டுகளைச் செலுத்துவது எதனால்?

முதலில் செலவைக் கணக்கிடுவோம். குண்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். ஆடுகளங்களில் வழக்கமாக அனுமதிக்கப்படும் உச்ச வேகம் வினாடிக்கு 300 அடி. இவ்வேகத்தில் குண்டு பெறும் சக்தி சுமார் 12 ஜூல் மட்டுமே. இதற்கு மேல் செலவாகும் வாயு முழுவதும் வேறு வழிகளில் கழிகிறது. சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், வேகத்தை 280 அடியிலிருந்து 300 அடியாக உயர்த்துவதற்கே சுமார் 15 விழுக்காடு கூடுதல் சக்தி வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

வாயு வீணாகும் இடங்கள் சில உள. வால்வுக்கும் குண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை ஒவ்வொரு முறையும் வாயு நிரப்பியாக வேண்டும். அவ்விடம் குறுகியிருத்தல் நலம். குண்டு குழலைவிட்டு நீங்கிய பின்னரும் வால்வு திறந்திருப்பின், வெளிவரும் வாயு ஓசையை எழுப்புமேயன்றி வேறு பயன் தராது. குழலைவிடக் குண்டு சிறிதாயின் வாயு பக்கவாட்டில் நழுவிவிடும். மிக இறுகினாலோ உராய்வு சக்தியை உண்டுவிடும். ஓசையைக் குறைப்பதற்காகக் குழலில் இடும் துளைகளும், குண்டை உந்தவேண்டிய வாயுவை முன்னதாகவே வெளியேற்றிவிடும்.

அடுத்த குண்டை ஏற்றும் முறையும் முக்கியமானது. கையால் இழுத்து ஏற்றும் துப்பாக்கியில் அவ்வேலையைச் செய்வது மனிதனின் தசை. தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியிலோ வாயுவின் ஒரு பகுதி அதற்கெனச் செலவாகிறது. பழைய எளிய அமைப்புகள் இவ்வகையில் சிக்கனமாயிருப்பது இதனாலேயே.

குறைந்த அழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி வாயுவை மிச்சப்படுத்தும் எனப் பலர் கருதுகின்றனர். இது எப்போதும் உண்மையன்று. செலவாகும் வாயுவின் நிறை, அழுத்தத்தையும் கனஅளவையும் சேர்த்தே அமைவது. அழுத்தம் பாதியாகி, ஒவ்வொரு முறையும் வெளிவிடும் கனஅளவு இருமடங்காயின் சிக்கனம் ஏதுமில்லை.

கரியமிலவாயுவைத் திரவமாக அடைத்த குப்பியைக் கையாளுவோர் வெப்பநிலையையும் கவனித்தல் வேண்டும். 20 பாகை சென்டிகிரேடில் குப்பியினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 56 மடங்கு. 0 பாகையில் ஏறத்தாழ 34 மடங்கே. திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே இழக்கிறது. ஆதலின் விரைந்து சுடச்சுடக் குப்பி குளிர்ந்து, குண்டின் வேகமும் தளர்கிறது. சிறிது இடைவெளிவிட்டுச் சுடுதலே இதற்குப் பரிகாரம்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு குழாயில் பொருத்தமான காகித உருண்டை ஒன்றையும், சற்றுச் சிறிய உருண்டை ஒன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, ஒரே வலிமையுடன் சுவரை நோக்கி ஊதிக் காட்டுக. குழாயை வாயில் வைக்குமுன்னரே மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். எவர் முகத்தையும் நோக்கி ஊதலாகாது. பொருத்தமான உருண்டை விரைந்து செல்வதையும், சிறியது தளர்ந்து விழுவதையும் மாணவர் காண்பர். களப்பணியாளர் தம் கைத்தெளிப்பானின் தேய்ந்த வளையத்தை மாற்றும்போதும் இதே உண்மையையே கையாளுகின்றனர்: அடைத்த காற்று, வேலை செய்யாமல் வெளியேற விடலாகாது.