யார் செய்த பாவம்?



எமது வீடுகளில் ஒரு துன்பம் வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நாங்கள் யாருக்கு என்ன பாவம் செய்தோம்?" ஊரில் வீடு எரிந்தபோது கேட்டோம். பிள்ளை காணாமற் போனபோது கேட்டோம். இங்கு சுவிஸில் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதம் வரும்போதும், வைத்தியர் ஒரு வருத்தத்தின் பெயரைச் சொல்லும்போதும் அதையே கேட்கிறோம். சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். பலர் இரவு வேலையில் மெசினுக்கு முன்னால் நின்றபடி மனதுக்குள் கேட்கிறார்கள்.

இயேசுவின் சீடர்களும் இதைத்தான் கேட்டார்கள். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் இப்படித்தான் தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு மனிதன். பிச்சை எடுத்துச் சீவிப்பவன். சீடர்கள் அவனைச் சுகம் விசாரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. இவன் இப்படிப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, தாய் தகப்பன் செய்த பாவத்தாலா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அவன் காதில் விழும் என்றுகூட யோசிக்கவில்லைப் போலும்.

இயேசுவின் பதில் தெளிவானது. இவனுமில்லை, பெற்றோருமில்லை. கடவுளின் செயல் இவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனே குனிந்து மண்ணைத் தொடுகிறார். காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் கையால் செய்யக்கூடியதைச் செய்கிறார்.

வீட்டுக்குள் மறைக்கப்பட்ட பிள்ளை

பாவம் என்ற பேச்சுக்குப் பின்னால் வெட்கமும் வரும். பாசலில் இருந்து எல்லையைத் தாண்டினால் பிரான்சின் அல்சாஸ் மாநிலம். அந்த மாநிலத்தின் பாதுகாவலி புனித ஒடிலியா. 7ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவுக்கு மகளாக, பார்வையின்றிப் பிறந்தவர் என்று மரபுக் கதை சொல்கிறது. பிள்ளை தன் குடும்பத்துக்கு அவமானம் என்று நினைத்த தகப்பன் அவளை வேண்டாம் என்றானாம். ஒரு தாதி எடுத்துச் சென்று மறைவாக வளர்த்தாளாம். திருமுழுக்குப் பெற்றபோது பார்வை வந்ததாம். பின்னர் தகப்பனின் மலையிலேயே அவர் மடம் அமைத்தார். இன்றும் மக்கள் அந்த மலைக்குப் போய் அங்குள்ள ஊற்று நீரில் கண் கழுவுகிறார்கள். கையில் ஒரு புத்தகமும் அதன்மேல் இரு கண்களுமாக அவரைச் சித்திரிப்பார்கள்.

கதையில் அற்புதம் பெரிது. ஆனால் எமக்கு அந்தத் தாதியும் பெரியவளாகத் தெரிகிறாள். பார்வை வருமா வராதா என்று தெரியாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். எம்மவர் மத்தியிலும் குறைபாட்டுடன் பிறந்த பிள்ளையைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டிவராத குடும்பங்கள் உண்டு. ஊரில் கைதடி நுவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் படித்த விழிப்புலனற்ற பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், பாடினார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அவர்களில் யாரும் ஒருவருடைய பாவத்தின் அடையாளம் அல்ல.

குளம் வரை நடந்தவன்

இயேசு மண்ணில் உமிழ்ந்து, சேறு குழைத்து, அவன் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவும்படி சொல்கிறார். சிலோவாம் என்றால் 'அனுப்பப்பட்டவர்' என்று பொருள் என யோவானே விளக்கம் தருகிறார்.

இது உண்மையான குளம். யெருசலேமில் 2004ஆம் ஆண்டு கழிவுநீர்க் குழாய் வேலை செய்தபோது அதன் கற்படிகள் வெளிப்பட்டன. சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் எசேக்கியா மன்னன் காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய, அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்க வாய்க்கால் வழியாக அங்கே தண்ணீர் வந்தது. குளம் இருந்தது பழைய நகரின் தென்கோடியில், பள்ளத்தில். ஆலயப் பக்கமிருந்து போவதென்றால் இறக்கத்தில் நடக்க வேண்டும்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த மனிதன் முகத்தில் சேற்றோடு, இன்னும் ஒன்றும் தெரியாதவனாகவே அந்த வழியை நடந்தான். கண்டவர்கள் சிரித்திருக்கலாம். பார்வை வந்தது குளத்தில். நடந்த வழி முழுக்க இருட்டு. 'என்' விசாவோடு வருடக்கணக்காகக் காத்திருக்கும் எம்மவருக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். முடிவு என்ன என்று தெரியாது. ஆனாலும் விடிய எழும்பி டொச் வகுப்புக்குப் போகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

விசுவாசம் ஒரு விலையா?

இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. அந்த மனிதன் தன்னைச் சுகமாக்கும்படி கேட்கவேயில்லை. இயேசு யார் என்றும் அவனுக்குத் தெரியாது. விசுவாசிக்கிறாயா என்ற கேள்வி 35ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதற்குள் பார்வை கிடைத்து, விசாரணைகள் முடிந்து, அவன் வெளியே தள்ளப்பட்டும் விட்டான். சுகம் முதலில் வந்தது. விசுவாசம் பிறகு வளர்ந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? புதிதாக வந்த குடும்பங்களைத் தேடி வீடு வீடாகச் செபிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர்கள். யாருமில்லாத நேரத்தில் எமது கதவைத் தட்டியவர்கள், குளிர் உடுப்புத் தந்தவர்கள். ஆனால் சிலருடைய பேச்சு வேறு. விசுவாசம் இருந்தால் 'பி' விசா கிடைக்குமாம், வருத்தம் மாறுமாம். கிடைக்காவிட்டால், மாறாவிட்டால், அது விசுவாசக் குறைவாம். மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் சாட்சி என்று சொல்பவர்களும் உண்டு. யார் செய்த பாவம் என்ற பழைய கேள்விதான் இப்படி உடுப்பு மாற்றிக்கொண்டு வருகிறது. ஏற்கனவே அடிபட்டவர் தலையில் இன்னுமொரு சுமை ஏற்றப்படுகிறது.

எரிக்கோவில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவனிடம், அவனுடைய விசுவாசமே அவனைச் சுகமாக்கியது என்று இயேசு சொன்னாரே என்று கேட்பீர்கள். உண்மை, மாற்கு 10ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அது அவனைப் பாராட்டிச் சொன்ன வார்த்தை. சுகமாகாதவரை அடிக்க எடுத்த தடி அல்ல. அந்தக் கதையில் இயேசுவுக்கும் அவனுக்கும் இடையில் தடையாக நின்றது எது? பேசாமல் இரு என்று அவனை அதட்டிய கூட்டம்தான். அவன் அடங்காமல் இன்னும் பெரிதாகக் கத்தினான். அவனுடைய விசுவாசம் அந்தக் கத்தலில் தெரிந்தது.

அரைப் பார்வையும் பார்வைதான்

பெத்சாயிதாவில் நடந்தது இன்னும் ஆறுதலானது. மாற்கு 8ஆம் அதிகாரம். இயேசு ஒரு பார்வையற்றவனின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப் போகிறார். முதல்முறை தொட்டபோது அவனுக்கு ஆட்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். மறுபடியும் தொட்ட பிறகே எல்லாம் தெளிவாகிறது. அரைகுறையாகத் தெரிகிறது என்று உள்ளதைச் சொன்னதற்காக இயேசு அவனைக் கோபிக்கவில்லை.

சைவ வாசகர்களுக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் நினைவுக்கு வருவார். திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை இழந்தவர், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அவருடைய கதையில் பிழை உண்டு, அதை அவரே இறைவனிடம் சொன்னார். ஆனாலும் பார்வை இல்லாமலே தலம் தலமாக நடந்தார், பாடினார், இறைவனோடு உரிமையோடு வழக்காடினார். அழுவதும் முறையிடுவதும் நம்பிக்கைக்கு எதிரானவை அல்ல என்பதை இரு சமயத்தவரும் அறிந்திருக்கிறோம்.

திரும்பத் திரும்பக் கேட்ட விசாரணை

பார்வை கிடைத்தவனுக்கு அடுத்து வந்தது மகிழ்ச்சி அல்ல, விசாரணை. இவன்தானா அவன் என்று அயலவர்கள் சந்தேகப்பட்டார்கள். பின்னர் பரிசேயர் கேட்டார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுபடியும் அவனைக் கூப்பிட்டார்கள். இதை வைத்து யூத மக்களைப் பழிப்பது தவறு. இயேசுவும் சீடரும் பார்வை பெற்றவனும் யூதர்களே. அதிகாரத்தில் இருப்பவர்கள் எங்கும் இப்படிக் கேட்பதுண்டு.

பெற்றோர் பயந்தார்கள். அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனிடமே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் ஒதுங்கவில்லை. சுகமாக்கியவர் எங்கே என்று கேட்டபோது தெரியாது என்றான். அவர் பாவியா என்று கேட்டபோது அதுவும் தெரியாது, முன்பு பார்வை இல்லை, இப்போது இருக்கிறது, இது மட்டும் தெரியும் என்று சொன்னான். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதே அவனுடைய பலம்.

தஞ்ச விசாரணைக்குப் போகவிருக்கும் உறவுகளே, இந்த மனிதனை நினைவில் வையுங்கள். வேறொருவருடைய கதையைப் பாடமாக்கிச் சொல்ல வேண்டாம். திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லுங்கள். முடிவில் எழுதியதை உங்கள் மொழியில் வாசித்துக் காட்டுவார்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். 2019 மார்ச் மாதத்திலிருந்து கூட்டாட்சி அகதி நிலையங்களில் இலவச சட்ட உதவி உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னுமொன்று. 8ஆம் வசனத்திலிருந்து 34ஆம் வசனம் வரை இயேசு அந்தக் காட்சியிலேயே இல்லை. அவன் தனியாகத்தான் நின்றான். ஆனால் பேசப் பேச அவனுடைய பார்வை கூடியது. முதலில் இயேசு என்ற ஒரு மனிதர் என்றான். பிறகு இறைவாக்கினர் என்றான். பிறகு கடவுளிடமிருந்து வந்தவர் என்றான். அவனை வெளியே தள்ளியதைக் கேள்விப்பட்ட பிறகு இயேசுவே அவனைத் தேடி வந்தார். வெளியே தள்ளப்பட்டவர்களான எமக்கு இந்தக் கதையின் மிக இனிமையான இடம் அதுதான்.

செபமும் வைத்தியமும்

இயேசு மண்ணையும் தண்ணீரையும் பயன்படுத்தினார். அப்படியிருக்க மருந்தை எப்படி விசுவாசத்துக்கு எதிரி என்று சொல்வது? எம்மவரிடையே சலரோகம் அதிகம். அது கண்ணின் உள்ளே இருக்கும் சிறு இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். தொடக்கத்தில் நோவும் இல்லை, பார்வை குறைவதும் தெரியாது. தெரியவரும்போது பிந்திவிடலாம். சலரோகம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கண் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. இன்சுலினையும் குளிசையையும் யார் சொன்னாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். 1996 முதல் கிராங்கன்காசை எனப்படும் மருத்துவக் காப்புறுதி இந்த நாட்டில் வாழ்பவர்களுக்குக் கட்டாயம். தஞ்சம் கோரியவர்களுக்கும் அது உண்டு. செபித்துவிட்டுப் போங்கள், போய்வந்து நன்றி சொல்லுங்கள்.

நன்றிப் பலகை இல்லாதவர்கள்

பாசலுக்கு அருகே மரியாஸ்ரைன் என்ற திருத்தலம் இருக்கிறது. கத்தோலிக்கர், சைவர் என்ற வேறுபாடின்றி எம்மவர்கள் போகும் இடம். குகைக்குள் இருக்கும் மாதா சிற்றாலயத்துக்குப் படிகளில் இறங்கிப் போகும் வழியில் சுவர் நிறைய நன்றிப் பலகைகள். உதவி பெற்றவர்கள் பதித்தவை. பார்க்க மனம் நிறையும்.

ஆனால் அதே படிகளில் இறங்கி, அதே மெழுகுதிரியை ஏற்றி, கேட்டது கிடைக்காமல் திரும்பியவர்களும் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பலகை இல்லை. அடுத்த வருடமும் வருகிறார்கள். அவர்களிடம் விசுவாசம் குறைவு என்று சொல்ல எமக்கு என்ன உரிமை? கிடைக்காமலும் திரும்பி வருபவரின் விசுவாசம், கிடைத்தவருடையதை விடப் பெரிதாகவும் இருக்கலாம்.

ஆகவே உறவுகளே, அயல் வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றோ விசா மறுக்கப்பட்டது என்றோ கேள்விப்பட்டால் காரணம் ஆராய வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடிக்கப் போவோம். கடிதத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்தால் வாசித்துச் சொல்வோம். வைத்தியரிடம் தனியாகப் போகப் பயந்தால், "வாங்கோ, நாங்களும் வாறம்" என்று கூடப் போவோம்.