ஊருணியில ஏன் காலை நனைக்கக் கூடாது?

நம்ம விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து கிராமங்கள்ல குளிக்கிற கண்மாய் வேற, குடிக்கிற ஊருணி வேற. குடிதண்ணி ஊருணிக்குள்ள யாராவது இறங்கிக் காலை நனைச்சா, கரையில இருக்கிற பெரியவங்க சத்தம் போடுவாங்க. சுத்தத்துக்காகச் சொல்றாங்கன்னு நாமளும் கேட்டுக்குவோம். ஆனா இந்த ஒரு விதியை ஊர் முழுக்க ஒழுங்கா கடைப்பிடிச்சா, ஒரு ஒட்டுண்ணியே அந்த ஊரை விட்டுக் காணாமப் போயிடும். அது எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல அடிப்படை. இன்னொரு உயிரோட உடம்புல தங்கி, அதோட செலவுலயே வாழ்ற உயிர்தான் ஒட்டுண்ணி. அது தங்குற உடம்புக்கு ஓம்புயிர்னு பேரு. எந்த ஒட்டுண்ணியை எடுத்தாலும் அது நாலு வேலையைச் சரியா செஞ்சாகணும். உள்ளே நுழையணும், தங்க இடம் பிடிக்கணும், உடம்போட நோய் எதிர்ப்பு சக்தி கிட்ட மாட்டாம இருக்கணும், கடைசியா தன் குட்டிகளை அடுத்த ஆளுக்கு அனுப்பணும். நம்மளைக் கொல்றது அதோட நோக்கம் இல்ல. நாம செத்துட்டா அதுக்கும் வீடு போச்சு. இந்த நாலு வேலையில நம்ம உடம்புக்கு ஏற்படுற சேதத்தைத்தான் நாம நோய்னு சொல்றோம்.

இதுக்கு நல்ல உதாரணம் நரம்புச் சிலந்தி. கினி புழுன்னும் சொல்வாங்க. பேர்ல சிலந்தி இருந்தாலும் இது எட்டுக்கால் பூச்சி இல்ல, புழு. வீட்டுல எண்பது வயசு தாண்டின தாத்தா பாட்டி இருந்தா இந்தப் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிருக்கலாம். இந்தியாவுல இந்த நோய் இருந்த ஏழு மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு.

இது உள்ளே வர்ற வழி குடிதண்ணி. குளத்துத் தண்ணியில சைக்ளாப்ஸ்னு ஒரு சின்ன உயிர் நீந்திக்கிட்டு இருக்கும். உத்துப் பார்த்தா வெள்ளைப் புள்ளி மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதோட வயித்துக்குள்ள இந்தப் புழுவோட லார்வா இருக்கும். அந்தத் தண்ணியை வடிகட்டாம குடிச்சா, நம்ம வயித்துல சைக்ளாப்ஸ் செத்துடும், லார்வா சாகாது. அது குடல் சுவரைத் துளைச்சு வெளியே வந்து, உடம்போட இணைப்புத் திசுக்கள்ல தங்கிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு ஆண் புழு செத்துப் போகும். பெண் புழு மட்டும் வளர ஆரம்பிக்கும். 60 சென்டிமீட்டர்ல இருந்து ஒரு மீட்டர் வரைக்கும் வளரும், தடிமன் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். இதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷமும் ஆளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஒரு மீட்டர் நீளப் புழுவை உடம்புக்குள்ள வச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு வயல்ல வேலை பார்த்துக்கிட்டு இருப்பார்.

இனிமேதான் விஷயமே. குட்டிகளை வெளியே அனுப்புற நேரம் வந்ததும் பெண் புழு பெரும்பாலும் காலுக்கு இறங்கி வரும். தோலுக்கு அடியில வந்து ஒரு கொப்புளத்தை உண்டாக்கும். அந்த இடம் நெருப்பு பட்ட மாதிரி எரியும். எரிச்சல் தாங்காம ஆள் என்ன செய்வார்? பக்கத்துல இருக்கிற தண்ணியில காலை விடுவார். கால் தண்ணியில பட்டதும் புழு லட்சக்கணக்கான லார்வாக்களை வெளியே விடும். அதை சைக்ளாப்ஸ் தின்னும். ரெண்டு வாரத்துல அந்த லார்வா அடுத்த ஆளுக்குத் தயார். எரிச்சல் இந்த நோயோட அறிகுறி மட்டும் இல்ல, புழு தண்ணியைத் தேடிப் போறதுக்கு நம்ம காலையே வாகனமாக்குற வழியும் அதுதான்.

சரி, புழு தலை நீட்டினா பிடிச்சு இழுத்துட வேண்டியதுதானேன்னு தோணும். வேகமா இழுத்தா அறுந்து போயிடும். உள்ளே மாட்டின பாதி அழுகி, சீழ் வச்சு, மூட்டே முடங்கிப் போகலாம். அதனால ஒரு குச்சியில சுத்தி, தினமும் சில சென்டிமீட்டர் மட்டும் இழுப்பாங்க. முழுசா வெளியே வர வாரக்கணக்காகும். அத்தனை நாளும் வேலைக்குப் போக முடியாது. ஒரு தடவை வந்தவங்களுக்கு எதிர்ப்பு சக்தியும் வராது, அடுத்த வருஷம் திரும்பவும் வரலாம்.

இதுக்குத் தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்ற மாத்திரையும் கிடையாது. ஆனாலும் இந்தியா இதை ஒழிச்சிருச்சு!

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு மூடின லூப். மனுஷன், தண்ணி, சைக்ளாப்ஸ், திரும்ப மனுஷன். லூப்ல ஏதாவது ஒரு இடத்துல வெட்டிட்டா சிஸ்டம் நின்னுடும். 1983-84-ல தேசிய அளவுல ஒழிப்புத் திட்டம் தொடங்கினப்போ நாட்டுல ஏறக்குறைய 40,000 பேருக்கு இந்த நோய் இருந்துச்சு. ஆட்கள் இறங்கித் தண்ணி எடுக்கிற படிக்கிணறுகளைக் கயிறு போட்டு இறைக்கிற கிணறுகளா மாத்தினாங்க. அடிபம்பு போட்டாங்க. தண்ணியைத் துணியில வடிகட்டிக் குடிக்கச் சொன்னாங்க, சைக்ளாப்ஸ் துணியிலேயே நின்னுடும். தண்ணியில டெமிஃபாஸ் கலந்து சைக்ளாப்ஸைக் கொன்னாங்க. டெங்கு சீசன்ல நம்ம வீட்டுத் தொட்டியில ஊத்திட்டுப் போறாங்களே அபேட், அதுவும் இதே மருந்துதான். புழு வெளியே வர்ற நிலையில இருக்கிறவங்களைத் தேடிப் பிடிச்சு, தண்ணியில இறங்காம பார்த்துக்கிட்டாங்க. நம்ம ஊருணி விதியேதான்.

கடைசி நோயாளி 1996 ஜூலையில ராஜஸ்தானோட ஜோத்பூர் மாவட்டத்துல. 2000-ம் வருஷம் பிப்ரவரியில உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்துச்சு. உலக அளவுல 1986-ல சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024-ல 15 பேருக்குத்தான் வந்திருக்கு.

இது பழைய கதையாச்சேன்னு நினைச்சா, இன்னும் முடியாத கதை ஒண்ணு இருக்கு. அது கொக்கிப்புழு. அதே நாலு வேலைதான், வழி மட்டும் வேற. புழு இருக்கிறவர் வெட்டவெளியில மலம் கழிச்சா, முட்டைகள் மண்ணுல விழும். ஈரமும் நிழலும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிஞ்சு, ஒரு வாரம் பத்து நாள்ல லார்வா தயாராயிடும். அது மேல வெறுங்காலோட நடந்தா தோலைத் துளைச்சு உள்ளே வரும். ரத்தத்துல ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, நாம விழுங்குற எச்சிலோட குடலுக்கு இறங்கும். அங்க குடல் சுவரைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, ரத்தம் உறையாம இருக்க ஒரு பொருளையும் சுரந்துக்கிட்டு, வருஷக்கணக்கா ரத்தம் குடிக்கும். வகையைப் பொறுத்து ஒரு புழுவால ஒரு நாளைக்கு 0.03-ல இருந்து 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் போகும். குறைஞ்ச கணக்கையே வச்சுக்குவோம். 100 புழு இருந்தா மாசத்துக்கு 90 மில்லிலிட்டர்.

நம்ம கந்தக பூமியோட வெயில் இதுல நமக்குத் துணை. காய்ஞ்ச சூட்டு மண்ணுல லார்வா சீக்கிரம் செத்துடும். ஆனா ஐப்பசி மழைக்குப் பிறகு, கருவேல மர நிழல்ல, ஓடைக்கரையில மண்ணு ஈரமாத்தான் இருக்கும். வெட்டவெளிக்குப் போறவங்க ஒதுங்குற இடமும் அதுதான்.

சிவகாசிப் பக்கம் ஃபயர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க வெடி மருந்து இருக்கிற ரூமுக்குள்ள செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் போவாங்க. செருப்புல இருக்கிற ஆணியோ மண்ணோ உரசி ஒரு பொறி வந்தா போதும். ரூமுக்குள்ள வெறுங்கால்தான் பாதுகாப்பு. ஒதுங்கப் போற இடத்துல வெறுங்கால் புழுவுக்கு வாசல். ரத்தசோகை வந்தா கிறுகிறுப்பு, மூச்சு வாங்குறது, கை அசதி எல்லாம் வரும். பொழுதுக்கும் உட்கார்ந்து கவனமா வெடி மருந்து அடைக்கிற கைக்கு அது எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா பெரும்பாலும் "வெயில்தான், வேற ஒண்ணுமில்ல"ன்னு விட்டுடுவாங்க. ரத்தசோகைக்குச் சாப்பாடு, மாதவிடாய்னு பல காரணம் உண்டு, எல்லாத்துக்கும் புழு மேல பழி போட முடியாது. அதனாலதான் டெஸ்ட் எடுக்கணும்.

ஸ்கூல்ல கொடுத்த அல்பெண்டசோல் மாத்திரை ஞாபகம் இருக்கா? 2015-ல தொடங்கின தேசிய குடற்புழு நீக்க நாள்ல 1 முதல் 19 வயசு வரைக்கும் அதைத் தர்றாங்க. நம்மள்ல நிறைய பேர் அந்த வயசைத் தாண்டியாச்சு. தமிழ்நாட்டுல 20-ல இருந்து 30 வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்கும் கொடுக்கிறாங்க, கர்ப்பிணிகள், பாலூட்டுறவங்க தவிர. ஆனா மாத்திரை உள்ளே இருக்கிற புழுவைத்தான் கொல்லும். மண்ணுல இருக்கிறது அப்படியே இருக்கும். லூப்பை வெட்டுறது கழிப்பறையும் செருப்பும்தான்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல எப்பவும் அசதியா இருக்குன்னு சொல்றவங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாருங்க. பெண்களுக்கு 12-க்குக் கீழ, ஆண்களுக்கு 13-க்குக் கீழ இருந்தா டாக்டர்கிட்ட காரணத்தைக் கேளுங்க. தேவைப்பட்டா மலப் பரிசோதனையும் செய்வாங்க. அரை நாள் வேலைதான்.