மாடுகள் விழுங்கும் ஆணியும் பொலித்தீனும்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் முதலிய இடங்களில் நெல் அறுவடையானதும் வயல்களில் மாடும் எருமையும் மேய விடப்படுகின்றன. தோட்டக் கழிவுகளும் அவற்றுக்குத் தீனியாகின்றன. நிலத்திற் கிடக்கும் ஒரு துண்டுக் கம்பியோ, ஒரு பொலித்தீன் பையோ, ஒரு முழுக் கிழங்கோ கறவை மாடொன்றின் உயிரைப் போக்கிவிடக் கூடும்.

மாடு ஏன் விழுங்குகின்றது?

ஆடு உதட்டினால் தெரிந்து உண்ணும். மாடோ நாவினால் வளைத்திழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கி, பின்னரே அசைபோடும். ஆகவே வைக்கோலில் மறைந்த ஆணியை அது அறியாது.

ஆணியும் கம்பியும்

கனமான இரும்புத் துண்டு இரண்டாம் இரைப்பையாகிய வலை இரைப்பையிலே தங்கும். இவ்விரைப்பைக்கு முன்னால், ஒரு மெல்லிய தசைச்சுவருக்கு அப்பால், இருதயம் உள்ளது. கூரிய கம்பி இரைப்பையைத் துளைத்து இருதயம் வரை செல்லுதலும் உண்டு. தீனி வெறுத்தல், பால் திடீரெனக் குறைதல், முதுகு வளைத்து நிற்றல், முன்முழங்கைகளை அகற்றி வைத்தல், படுக்கும்போது முனகுதல் என்பன இதன் அறிகுறிகள். கால்நடை வைத்தியர் விழுங்கச் செய்யும் சிறு காந்தம் வலை இரைப்பையில் தங்கி இரும்பைப் பற்றிக்கொள்ளும். செம்பையும் அலுமினியத்தையும் அது பற்றாது.

பொலித்தீனும் நைலோன் கயிறும்

இவை செரிப்பதில்லை, இரைப்பையிற் பந்தாகத் திரண்டு வழியை அடைக்கும். மாடு வரவர மெலியும். 2022 ஜனவரியில் அம்பாறை பல்லக்காட்டுக் குப்பைமேட்டில் இரு யானைகள் இறந்து கிடந்தன. அங்கே எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக் கலந்த கழிவையுண்டு மாண்டதாக அப்போது செய்தி வெளியாயிற்று. யானைக்கே இக்கதியெனின் மாட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்டை அடைப்பு

மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு, மாங்கொட்டை என்பன உணவுக்குழாயிற் சிக்கினால் வாயில் எச்சில் வழியும், கழுத்து நீளும், ஏப்பம் வெளியேறாமையால் இடப்பக்க வயிறு உப்பும். உப்புதல் கடுமையாயின் சில மணி நேரத்தில் மாடு இறக்கும்.

அவ்வேளையில் தீனியையும் தண்ணீரையும் நிறுத்துக. முன்கால்கள் மேட்டில் இருக்குமாறு மாட்டை நிறுத்துக. உடனே கால்நடை வைத்தியரை அழைக்க. தடியால் குத்தித் தள்ளுதல் கூடாது, உணவுக்குழாய் கிழியும். எண்ணெய், தண்ணீர் ஊற்றுதலும் கூடாது. அது நுரையீரலுட் செல்லும். விசர்நோய் கண்ட மாட்டுக்கும் இவ்வாறே எச்சில் வழியுமாதலால் வாயினுள் வெறுங்கையை விடுதல் ஆகாது.

வருமுன் காத்தல்

1. வேலி அடைத்தபின் துண்டுக் கம்பிகளையும் ஆணிகளையும் எண்ணிப் பொறுக்குக.
2. பயற்றைப் பந்தலின் நைலோன் கயிற்றையும், பசளைப் பையின் நூலையும், நிலமூடும் பொலித்தீனையும் மாடு விடுமுன் அகற்றுக.
3. கரையோரங்களில் அறுந்த வலையையும் தூண்டிலையும் மேய்ச்சல் நிலத்தில் எறியாதிருக்க.
4. கிழங்குகளைச் சிறு துண்டுகளாக அரிந்தே இடுக.

விழுங்கியதை வெளியே எடுத்தல் அரிது. விழுங்காமற் செய்தல் கமக்காரரின் கையில் உள்ளது.