வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறது?

திண்டுக்கல் பேகம்பூரில் பூட்டு வியாபாரம் செய்துவரும் என் மருமகன், அதாவது என் மூத்த சகோதரியின் மகன், 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்து இரண்டு வண்ணத்தாள்களை மேசைமீது விரித்தான். ஒன்று டாட்டா நிறுவனத்தின் 'பஞ்ச்'. மற்றொன்று ஹூண்டாய் நிறுவனத்தின் 'எக்ஸ்டர்'.

"மாமா, இரண்டில் எதை வாங்கலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, ஒரு பழைய ஸ்கூட்டரிலேயே காலத்தைக் கழித்துவிட்டவனிடம் வந்து காரைப் பற்றிக் கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க இயலவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் அவன் மனைவியையும் ஐந்து வயது மகனையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டியில் ஒரு திருமணத்துக்குச் சென்றான். நான்குவழிச்சாலையில் பின்னால் வந்த பெரிய வாகனமொன்று உரசுவதுபோலக் கடந்து செல்ல, அந்தக் காற்றின் வேகத்தில் வண்டி தடுமாறி ஓரத்து மணலில் சரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், பையனுக்கு முழங்கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அன்று என் அக்கா மகனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இனி அந்த ரோட்டில் என் பேரனை இரண்டு சக்கரத்தில் ஏற்றாதே." இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். மாதம் இருமுறை மருத்துவரைப் பார்க்க மதுரைக்குச் செல்ல வேண்டியவர். அவருக்குப் பேருந்துப் பயணமும் இயலாமற்போயிருந்தது.

ஆகவே நானும் விசாரிக்கத் தொடங்கினேன். பணிமனைக்காரர்களைக் கேட்டேன், இவ்விரு வண்டிகளையும் வைத்திருக்கும் உறவினர்களைக் கேட்டேன், தாள்களில் உள்ள எண்களை வரிவரியாகப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றை இதே குழப்பத்தில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

பஞ்ச் 2021 அக்டோபரிலும், எக்ஸ்டர் 2023 ஜூலையிலும் விற்பனைக்கு வந்தவை. பார்வைக்குச் சிறிய ஜீப் போன்ற தோற்றம். உள்ளமைப்பில் சிறிய கார். 2025-இல் பஞ்ச் 3,827 மில்லிமீட்டர் நீளம், எக்ஸ்டர் 3,815. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி அப்போது ஒன்றில் 187, மற்றதில் 185 மில்லிமீட்டர். இரண்டிலும் 37 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். இரண்டு போட்டி நிறுவனங்கள் பேசிவைத்துக்கொண்டு செய்ததுபோல் ஏன் இத்தனை ஒற்றுமை? காரணம் வரி. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் என்ஜினும் கொண்ட வண்டிக்கு 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் வரிச்சலுகை தரப்பட்டது. அன்றுமுதல் நம் நாட்டுக் கார்கள் பல நான்கு மீட்டருக்குள் தங்களைச் சுருக்கிக்கொண்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன்பு மேல்வரியையும் சேர்த்து 29 விழுக்காடு. மருமகன் அந்த வாரம் பார்த்து என்னிடம் ஓடி வந்ததன் இரகசியமும் அதுவே.

"இருக்கட்டும். நீ எங்கே ஓட்டப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி மாமா? ஊருக்குள்தான். மாதத்தில் மூன்று நாள் வெளியூர்" என்றான்.

ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்து, ஒரு மாதம் எங்கெங்கே போகிறாய், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவரச் சொன்னேன். "எந்தக் கார் என்று கேட்டால் கணக்குப் பாடம் நடத்துகிறீர்களே!" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 640 கிலோமீட்டர். அக்காவின் மருத்துவத்துக்காக மதுரைக்கு இருமுறை போய்வந்தது 260. சரக்கு விஷயமாகத் திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தது 200. எஞ்சிய 180 கிலோமீட்டர்தான் ஊர்ச் சுற்று. நாட்கணக்கில் அவன் ஊருக்குள் ஓட்டுகிறவன். தூரக்கணக்கில் பார்த்தால் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவன். இந்த வேறுபாட்டை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப்பார்ப்பதில்லை. கை கால் களைப்பதை நாட்கணக்கு சொல்லும். எரிபொருள் செலவையும் ஆபத்தையும் தூரக்கணக்குதான் சொல்லும்.

இனி வண்டிகளுக்கு வருவோம். பஞ்சில் இருப்பது மூன்று சிலிண்டர் என்ஜின், 1,199 சி.சி. எக்ஸ்டரில் நான்கு சிலிண்டர், 1,197 சி.சி. குதிரைத்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு இயல்பாகவே சற்று அதிர்வு உண்டு. மணிக்கூண்டருகே நெரிசலில் நின்று நின்று நகரும்போது அந்த அதிர்வு காலடியில் தெரியும். எக்ஸ்டரோ ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஐயுறும்படி அமைதியாக இருக்கும். ஊருக்குள்ளேயே உழலும் ஒருவருக்கு, சந்தேகமின்றி எக்ஸ்டர்தான் சுகமான வண்டி.

அடுத்து 'ஏ.எம்.டி.' என்னும் தானியங்கி கியர். இரண்டிலும் கிடைக்கிறது. கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் மனிதனின் கைகால்களுக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திரம் அமர்த்தப்பட்டிருக்கிறது. மற்றபடி உள்ளே இருப்பது வழக்கமான கியர்ப்பெட்டியேதான். நெரிசலில் இடது காலுக்கு முழு ஓய்வு. ஆனால் கியர் மாறும்போது ஒரு கணம் தயங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நடுவில் தடுப்பில்லாத சாலைகளில், எதிரே பேருந்து வரும் நேரத்தில் லாரியை முந்த எண்ணுபவருக்கு அந்த ஒரு கணம் சிறிதன்று. இதற்கும் வழி இருக்கிறது: நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளி, நாமே கியரைக் குறைத்துக்கொண்டு முந்தலாம். வாங்குபவர்களில் பலருக்கு இப்படியொரு வசதி இருப்பதே தெரியாது.

மைலேஜ் பற்றித்தான் நம் வீடுகளில் மிகுதியாகப் பேச்சு நடக்கும். நிறுவனங்கள் சொல்லும் கணக்கு கியர் வண்டிக்கு லிட்டருக்கு 19 முதல் 20 கிலோமீட்டர் வரை. சோதனைக்கூடத்தில் வந்தது அது, நாகல்நகரில் வராது. ஒரு வண்டி 15-உம் மற்றது 16-உம் தருவதாகவே கொள்வோம். மாதம் 600 கிலோமீட்டருக்கு முன்னதற்கு 40 லிட்டர், பின்னதற்கு முப்பத்தேழரை லிட்டர். இரண்டரை லிட்டர் மிச்சத்துக்காக முழு வண்டியையும் தேர்ந்தெடுப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. சி.என்.ஜி. வாயு வண்டிகளும் இரண்டிலும் உள்ளன. கிலோவுக்கு 27 கிலோமீட்டர் என்கிறார்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது நல்லதே. ஆனால் வாயு உருளைகள் டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சின் 366 லிட்டர் டிக்கி, வாயு வண்டியில் 210 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்டரின் பெட்ரோல் வண்டியிலோ 391 லிட்டர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் மூட்டை மூட்டையாகக் காய்கறி வாங்கிவரும் குடும்பத்தினர் இந்த எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நெடுஞ்சாலைக்கு வரும்போது என் கவனமெல்லாம் வேறொன்றில் சென்றது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. சாலை நன்றாக இருப்பதாலேயே அங்கு வேகம் மிகுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 100-க்கு ஏறினால் வேகம் இரட்டிப்புதான். மோதலில் அது சுமந்து வரும் ஆற்றலோ நான்கு மடங்கு. சின்னாளபட்டியைத் தாண்டி அம்மையநாயக்கனூர், கொடைரோடு வழியாகச் செல்பவர்கள் கண்டிருப்பார்கள்: தவறான திசையில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள், நடுத்திட்டின் இடைவெளியில் திடீரென முளைக்கும் ஆட்டுமந்தை, சாலையைக் கடக்கும் மூதாட்டி.

குளோபல் என்கேப் என்னும் அமைப்பு 2021-இல் பஞ்சைத் தடுப்பில் மோதவைத்துச் சோதித்தது. மோதிய வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகளுக்கு நான்கு நட்சத்திரமும் கிடைத்தன. அப்போது அதில் இருந்தவை இரண்டே ஏர்பேக்குகள். எக்ஸ்டரின் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது: மிகக்குறைந்த விலை வண்டியிலும் ஆறு ஏர்பேக்குகளோடு அது சந்தைக்கு வந்தது. பக்கவாட்டில் மோதினால் தலையைக் காப்பவை அவற்றில் அடங்கும். ஒன்றின் பெருமை சோதிக்கப்பட்ட கூடு. மற்றதன் பெருமை எண்ணிக்கை. இந்த இடத்தில் எனக்கே தீர்மானம் எளிதாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் உறுதி: சீட்பெல்ட் அணியாதவருக்கு ஏர்பேக் நண்பனல்ல. பின்னிருக்கையிலும் அணிய வேண்டும். கல்யாண வீட்டுக்குச் செல்லும்போது ஐந்துபேர் வண்டியில் எட்டுபேர் அடைந்துகொண்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறோமே, அந்த நேரத்தில் நட்சத்திரம் ஐந்தானாலென்ன, ஐம்பதானாலென்ன?

இத்தனையும் சொல்லி, "உனக்கு ஊருக்குள் மோட்டார் சைக்கிளே போதும், பேகம்பூர்ச் சந்துகளில் கார் உனக்குச் சுமைதான். கார் தேவைப்படுவது நெடுஞ்சாலைக்கு. ஆகவே நெடுஞ்சாலையைப் பார்த்தே வாங்கு. கியர் வண்டியாக இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

"மாமா, அவர் கடைக்குப் போன பிறகு ஊருக்குள் காரை ஓட்டப்போவது நான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மாமிக்குத் திடீரென்று முடியாமற்போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் யார்? என்னை யாரும் கேட்கவில்லையே!"

வெட்கமாகிவிட்டது எனக்கு. அந்தப் பெண் ஓட்டுநர் உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு மாதம் முழுவதும் கணக்கெழுதியும், ஓட்டப்போகிறவர் யார் என்ற ஒரு கேள்வியை மாமனும் மருமகனும் கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டுப்புத்தகத்தை அவரிடம் கொடுத்தோம்.

அடுத்த வாரம் இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கச் சென்றோம். விற்பனைக்கூடத்தைச் சுற்றியுள்ள நல்ல சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதோடு முடித்துக்கொள்ளத்தான் அவர்கள் விரும்புவார்கள். நாங்கள் விடவில்லை. வேகத்தடைகள் நிறைந்த ஒரு தெருவிலும், பின்னர் நான்குவழிச்சாலையில் சில கிலோமீட்டரும் ஓட்ட வேண்டும் என்றோம். அக்காவையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டோம். வீட்டில் யாருக்கு உடல் இயலவில்லையோ அவரை உட்காரவைத்துப் பார்ப்பதைவிட வேறு சோதனை வேண்டியதில்லை. பஞ்சின் கதவு 90 பாகை வரை முழுமையாகத் திறக்கிறது. முழங்கால் மடக்க முடியாத அக்கா சிரமமின்றி ஏறிவிட்டார். எங்கள் சந்தில் அந்தக் கதவைப் பாதிகூடத் திறக்க இயலாது என்பது வேறு விஷயம்! எக்ஸ்டரின் குளிர்காற்று பின்னிருக்கைக்கு நன்றாக வந்ததென்றும், வண்டி 'பஞ்சு மாதிரி' இருந்ததென்றும் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

மருமகனின் மனைவி இரண்டையும் ஓட்டினார். ஊருக்குள் எக்ஸ்டரின் ஸ்டியரிங் இலேசாகவும் வண்டி இனிமையாகவும் இருந்தது என்றார். நான்குவழிச்சாலையில், 80-ஐத் தொட்டபோது, பெரிய லாரிகளின் அருகே பஞ்ச் அசையாமல் சென்றதாக அவருக்குத் தோன்றியது. "தனியாக ஓட்டுவதென்றால் அது. மாமியையும் பிள்ளையையும் மதுரைக்குக் கொண்டுபோவதென்றால் இது" என்றார். என் ஒரு மாத ஆராய்ச்சி அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது.

பிறகு பணம். மேற்கூரையில் கண்ணாடிச் சாளரம், பெரிய திரை என்று விற்பனையாளர் ஏற்றிக்கொண்டே போனார். பாக்கிக்குக் கடன் உடனே கிடைக்கும் என்றார். வட்டிக்கடன் வேண்டாம் என்பதில் மருமகன் உறுதியாக நின்றான். கையிலிருந்த சேமிப்பும் அக்கா தந்த தொகையும் சேர்ந்து எதுவரை வருமோ அந்த வகையோடு நிறுத்திக்கொண்டான். திண்டுக்கல் வெயிலில் மேற்கூரையைத் திறந்து என்ன காணப்போகிறோம் என்பது என் எண்ணம். பையனுக்கு மட்டும் அதில் மிகுந்த வருத்தம். காப்பீடு, பதிவு, சாலைவரி ஆகியவற்றைச் சேர்த்த முழுத்தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே முன்பணம் கொடுத்தோம். இவ்வண்டிகளின் வசதிகள் ஆண்டுக்காண்டு மாறுபவை. ஆகவே வாங்க எண்ணுபவர்கள் அன்றைய பட்டியலைக் கையில் வைத்து, தாங்கள் வாங்கும் வகையில் எத்தனை ஏர்பேக், எது உண்டு எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும்.

இன்னொரு சிறு கணக்கு. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த வண்டிகளுக்குச் சுங்கச்சாவடி ஆண்டுச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. தொடங்கியபோது ரூ.3,000, ஓராண்டு அல்லது 200 முறை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. கொடைரோடு, பொன்னம்பலப்பட்டி சாவடிகளை மருமகன் மாதம் ஆறுமுறை கடக்கிறான். ஆண்டுக்கு 72 முறை. ஒரு கடப்புக்கு ஏறத்தாழ 42 ரூபாய் விழுகிறது. இதை அவனே போட்டுக் காட்டினான். நோட்டுப்புத்தகப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தானியங்கி கியர் பொருத்திய பஞ்ச் நவம்பரில் வந்து சேர்ந்தது. சந்துக்குள் நுழையாததால் பெரிய தெருவில் உறவினர் ஒருவரின் வாசலில் நிற்கிறது. அதற்கு அடுத்த வாரம் அக்காவை மதுரைக்கு அழைத்துச் சென்றது மருமகனல்ல, அவன் மனைவி. முன்னிருக்கையில் நான். பின்னால் அக்காவும், கைக்கட்டுப் பிரித்த பேரனும், இருவரும் சீட்பெல்ட் அணிந்து. வாடிப்பட்டி தாண்டும்வரை அக்கா எதுவும் பேசவில்லை. பிறகு, "இந்தப் பிள்ளை உன்னைவிட நிதானமாகத்தான் ஓட்டுகிறது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.