தனித்திருத்தல்

தனித்திருத்தல் அல்லது ஏகாந்தம் என்பது ஒருவர் பிறர் துணையின்றிச் சில காலம் தம்முடன் தாமே இருக்கும் நிலையாகும். துணையை விரும்பியும் அது கிடைக்காதபோது எழும் துன்பம் தனிமையுணர்வு எனப்படும். இவ்விரண்டும் ஒன்றல்ல. வாழ்வின் நோக்கத்தை அறிய விரும்பியோர் தனிமையை நாடிய செய்திகள் பல சமயங்களிலும் நாடுகளிலும் காணப்படுகின்றன. தமிழகத்தில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் பிறந்த இரமண மகரிசியின் வாழ்க்கையாகும்.

தனிமையும் தனிமையுணர்வும்

தனித்திருத்தல் ஒரு புறநிலை. தனிமையுணர்வு ஓர் அகநிலை. ஆளில்லாத அறையில் ஒருவர் மனநிறைவோடு இருக்கக்கூடும். திருவிழாக் கூட்டத்தின் நடுவிலும் மற்றொருவர் தனிமையுணர்வால் வருந்தக்கூடும். தனிமை நலம் தருவதா, தீங்கு தருவதா என்பதைப் பெரும்பாலும் மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன. அவையாவன:

1. அது தாமே விரும்பி ஏற்றதா, பிறரால் சுமத்தப்பட்டதா?
2. அதிலிருந்து மீண்டு வர வழி உள்ளதா?
3. மீண்டு வரும்போது ஏற்றுக்கொள்ள மனிதர்கள் உள்ளனரா?

இரமணரின் தனிமை

இரமணரின் இயற்பெயர் வேங்கடராமன். இவர் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்குரைத்துப் பிழைத்தவர், தாய் அழகம்மாள். 1892 இல் தந்தை இறந்தபின் வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் பள்ளியில் படித்தார்.

1896 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அவருக்கு 16 வயதாக இருந்தபோது, ஒருநாள் வீட்டில் தனியே இருக்கையில் திடீரென மரண அச்சம் அவரைப் பற்றியது. உடலில் நோய் ஏதும் இல்லை. அவர் எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. தரையில் படுத்து உடல் இறந்துவிட்டதாகக் கொண்டு, அதன்பின் எஞ்சுவது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். பிற்காலத்தில் அவர் கற்பித்த 'நான் யார்' என்னும் விசாரணைக்கு இந்நிகழ்வே அடிப்படையாகும்.

அதன்பின் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. 1896 ஆகத்து 29 அன்று, தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு வீட்டை நீங்கினார். 'நான்' என்று தொடங்கிய அக்கடிதத்தில் பின்னர்த் தம்மை 'இது' என்றே குறித்திருந்தார். முடிவில் கையொப்பம் இடவில்லை. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார்.

தனிமையைத் தாங்கியவர்கள்

இரமணரின் தனிமை முழுமையான தனிமை அன்று. தொடக்க நாட்களில் அவர் அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும், அதன் அடியிலுள்ள பாதாளலிங்கக் குகையிலும் அமர்ந்திருந்தார். சிறுவர்கள் கல்லெறிந்து தொல்லை தந்தனர். குகையில் பூச்சிகள் கடித்ததால் தொடையில் புண்கள் ஏற்பட்டன. சேஷாத்திரி சுவாமிகள் சிறுவர்களைத் தடுக்க முயன்றார். பிறர் அவரைக் குகையிலிருந்து தூக்கி வந்து காத்தனர், உணவு ஊட்டினர். பழனிசாமி என்பவர் பல ஆண்டுகள் உடனிருந்து தொண்டு செய்தார். இவர்கள் இல்லாதிருந்தால் அவ்விளைஞர் உயிர் பிழைத்திருப்பது அரிது. எனவே இவரது வாழ்க்கையைத் தனிமையின் பெருமைக்கு மட்டும் சான்றாகக் காட்டுவது முழுமையாகாது. அத்தனிமையைக் காத்த மனிதர்களையும் சேர்த்தே காணவேண்டும்.

1898 இல் தாயார் வந்து வீட்டுக்கு அழைத்தபோது அவர் செல்லவில்லை. அத்தாயே 1916 இல் மலைக்கு வந்து மகனுடன் தங்கினார்.

மக்களிடம் மீளல்

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் இரமணர் வாழ்ந்தார். இக்காலத்தில் அவரை நாடி வந்தோர் தொகை பெருகியது. வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1901-1902 காலப்பகுதியில் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்' என்னும் சிறுநூலாயின. 1907 இல் காவியகண்ட கணபதி முனிவர் அவருக்கு இரமண மகரிசி என்று பெயரிட்டார்.

1922 மே 19 இல் தாயார் மறைந்தார். அவரது சமாதியைச் சுற்றி இரமணாசிரமம் வளர்ந்தது. அங்கு இரமணர் விடியற்காலையில் சமையற்கூடத்தில் காய் நறுக்கினார். அனைவருக்கும் பரிமாறப்பட்ட உணவையே தாமும் உண்டார். தனிமையை நாடி வந்தவரின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் பலர் நடுவிலேயே கழிந்தது. அவர் 1950 ஏப்ரல் 14 அன்று காலமானார்.

ஏகாந்தம் என்பது இடத்தைப் பொறுத்தது அன்று, மனத்தைப் பொறுத்தது என்பது இரமணரின் கருத்தாகும். இல்லறத்தைத் துறக்க விரும்பி வந்தோர் பலரிடம், இருக்கும் இடத்திலேயே இருந்து கடமையைச் செய்யுமாறு அவர் கூறினார்.

சுமத்தப்பட்ட தனிமை

விருதுநகரில் 1903 இல் பிறந்த காமராசரின் வாழ்க்கை இதற்கு வேறான எடுத்துக்காட்டாகும். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1930 இல் முதன்முறை சிறை சென்ற அவர், மொத்தத்தில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் கழித்தார். சிறையில் உடன் கைதிகள் இருந்தனர் எனினும் ஊர், குடும்பம், பணி ஆகியவற்றிலிருந்து அவர் பிரிக்கப்பட்டிருந்தார். பள்ளிப்படிப்பைத் தொடர இயலாதிருந்த அவர் இக்காலத்தில் படித்துத் தம் அறிவை வளர்த்துக்கொண்டார். இரமணருக்குத் தனிமையில் நோக்கம் தெளிந்தது. காமராசருக்கோ முன்பே இருந்த நோக்கம் பிரிவைத் தாங்க உதவியது.

எனினும் இதனால் கட்டாயத் தனிமை நன்மை தருவது என்று கொள்ளலாகாது. 2015 இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மண்டேலா விதிகள், கைதி ஒருவரை நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி வைப்பதைத் தனிமைச் சிறை என வரையறுக்கின்றன. அதனைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் நீட்டிப்பதைத் தடை செய்கின்றன.

உளவியல் நோக்கு

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1958 இல் வெளியிட்ட கட்டுரையில், தனித்திருக்கும் திறன் குழந்தைப் பருவத்தில் உருவாவது என்றார். தாய் அருகில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு தானே விளையாடும் குழந்தையே பின்னாளில் அச்சமின்றித் தனித்திருக்கக் கற்கிறது என்பது அவரது விளக்கம். அதாவது, நலமான தனிமைக்கு அடிப்படை பிறர் மீதான நம்பிக்கையே ஆகும்.

நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல், வாழ்வின் பொருள் ஒருவர் செய்யும் பணியிலும், பிறர்மீது கொள்ளும் அன்பிலும், தவிர்க்க இயலாத துன்பத்தை எதிர்கொள்ளும் முறையிலும் கிடைக்கிறது என்றார். நோக்கம் பெரும்பாலும் தமக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சார்ந்தது என்பதை இது காட்டுகிறது. தனிமை அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் இடமாக அமையலாம். அதனை நிறைவேற்றும் இடம் பெரும்பாலும் மக்களின் நடுவே உள்ளது.

எல்லைகள்

தனிமையை நாடுதல் எப்போதும் நலத்தின் அறிகுறி அன்று. தூக்கமும் பசியும் குன்றுதல், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியன வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவ உதவி தேவை. இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தொடர்புகொள்ளலாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுகிறார் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2025 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

நாள்தோறும் சிறிது நேரம் கைபேசியின்றி நடத்தல், நாட்குறிப்பு எழுதுதல், அமைதியாக அமர்தல் ஆகியன எளிய தனித்திருத்தல் முறைகளாகும். அதன்பின் வீட்டாரிடமும் நண்பரிடமும் பேச விருப்பமும் பணியில் ஈடுபாடும் முன்னைவிடக் கூடியிருப்பின், அத்தனிமை நலமானது எனக் கொள்ளலாம்.